தாங்கிக்கல்லுக்கு நான் சொன்ன வரலாறு

பழனியில் பிறந்தவனுக்கு எந்த ஊரைக் காட்டினாலும், முருகன் அங்கே வந்துபோன கதை ஒன்று கைவசம் இருக்கும். எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை வேறு. டப்பாவோடு கதையையும் சேர்த்துக் கொடுத்துப் பழகிய வாய் (பாதிக் கதை கடையிலேயே தயாரானது). அந்த வாயோடுதான் பெண் பார்க்கப் போனேன்.

பெரும்பாறைக்கு மேலே, மிளகும் காப்பியும் போடுகிற சின்ன ஊர் தாங்கிக்கல். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்தது. "நீ வாயத் தொறக்காம இருந்தா இது முடிஞ்சிரும்டா" என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். செல்வியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

எங்களை அழைத்துப் போக செல்வியின் அப்பா வந்திருந்தார். ஊர் எல்லையில் இரண்டு கல்தூணை நட்டு, மேலே தோள் உயரத்தில் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். எனக்கு அங்கேயே நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டேன்.

"உங்க ஊருக்கு எப்படிப் பேரு வந்துச்சு தெரியுமா மாமா?"

"சொல்லுங்க தம்பி" என்றார், மரியாதைக்கு.

அந்தக் காலத்தில் மலை தாண்டிப் பழனிக்கு வந்த பக்தர்கள் காவடியை இறக்கி வைத்த கல் அது என்றேன். முருகனே சிறுவனாக வந்து காவல் இருந்தான் என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். நிற்கவில்லை.

"இங்க மழையில சும்மா கெடக்கு. ஒரு லாரி பிடிச்சு நம்ம கடை வாசலுக்குக் கொண்டுபோயிட்டா, வர்ற பக்தருங்க தொட்டுக் கும்பிடுவாங்க."

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். கையில் காப்பித் தட்டு இல்லை.

"அது எங்க பூட்டிக்கு வச்ச கல்லுங்க. நெறமாசத்துல மெளகு மூட்டையோட எறங்குறப்ப அங்கன விழுந்து செத்துப்போனா. வயித்துப் பிள்ளையும் போச்சு. மூத்த பிள்ளைதான் எங்க தாத்தா. பிள்ளையச் சுமந்துக்கிட்டே போனவளுக்குச் சுமை எறங்காதும்பாங்க. வழிப்போக்கர் யாராச்சும் அங்க சுமையை எறக்கி மூச்சுவிட்டா, அவளுக்கும் கொஞ்சம் எறங்குமாம். அதுக்காக வச்ச சுமைதாங்கி. அதுலதான் ஊருக்கே பேரு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடத்தில் நான் பேச்சில் கொண்டுவந்த லாரி மட்டும் நகராமல் நின்றது.

"வெரசாக் கெளம்புனா இந்த பஸ்ஸப் பிடிச்சிரலாங்க" என்றார் செல்வியின் அப்பா, கோபமே இல்லாமல்.

எழுந்தோம். வாசலில் மிளகு மூட்டை ஒன்று இருந்தது. என்ன நினைத்தேனோ, "இது கீழ போற மூட்டைங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா. உங்களுக்கு எதுக்குத் தம்பி அந்தச் சோலி?"

அவர் முடிப்பதற்குள் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். (அதுவரை நான் தூக்கியதில் கனமானது பஞ்சாமிர்த டப்பாப் பெட்டிதான்.) பத்தடி போவதற்குள் பட்டு வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் மானம். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போலிருந்தது.

எப்படியோ கல்லுக்கு வந்து மூட்டையைச் சரித்து வைத்தேன். மூச்சு வந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டேன். வெறும் ஆளான எனக்கே இப்படி என்றால், நிறைமாத வயிற்றோடு அவள் எப்படி வந்திருப்பாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. (மூட்டை கனத்தில் அழுதான் என்பது அம்மாவின் கட்சி.)

பின்னாலேயே வந்த செல்வி, மூட்டை விழுந்துவிடாமல் நகர்த்தி வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அவங்க இன்னும் காப்பியே குடிக்கலப்பா. அடுத்த பஸ்ல போகட்டும்."

தாங்கிக்கல்லில் இன்றும் நான் 'லாரி மாப்பிள்ளை'தான். மச்சினன் கல்யாணத்தில் மைக்கிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே போய் மொய் வைத்தேன்.

செல்வி மாசமாக இருந்தபோது மட்டும் அந்த வீட்டில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை.

"எறக்கி வச்சிட்டாளாய்யா?" என்றார்.

"எறக்கி வச்சிட்டா மாமா" என்றேன்.