பாத்துக்கலாம் என்ற ரெண்டு சாம்பியன்கள்

ஒரு காட்டில் குத்துச்சண்டைச் சங்கம் ஒன்று இருந்தது. செயலாளருக்கும் பொருளாளருக்கும் முட்டிக்கொண்டதில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ரெண்டாக உடைந்தது. ஆகவே நடு எடைக்கு, அதாவது மானுக்கு மேலே காட்டெருமைக்குக் கீழே, ரெண்டு சாம்பியன்கள். இந்தப் பக்கம் கரடி சடையன். அந்தப் பக்கம் காட்டுப்பன்றி கோரையன். ரெண்டு பேரும் தோற்றதே கிடையாது. ஒருவரோடு ஒருவர் மோதியதும் கிடையாது.

சடையனுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டும்போதெல்லாம் ‘பாதி சாம்பியன்’ என்று யாரோ காதில் சொல்வதுபோல் இருந்தது. வயசும் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஓடைக்கரையில் நின்று கூப்பிட்டான்.

“டேய் கோரையா, நீயா நானா, ஒரு கை பாத்துடலாமா?”

கிழங்கு மென்றுகொண்டிருந்த கோரையன் தலையைக்கூடத் தூக்கவில்லை. “பாத்துக்கலாம்ணே.”

இந்த வார்த்தையின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? கூரை ஒழுகுது என்கிற மனைவியிடமும் இதையேதான் சொல்வோம், சட்டையைப் பிடித்தவனிடமும் இதையேதான் சொல்வோம். சடையன், பாவம், சட்டையைப் பிடித்தவனாகத் தன்னை நினைத்துக்கொண்டான்.

அன்றோடு தேனை விட்டான். எடை கூடினால் ஆட்டம் போச்சே. பலாப்பழக் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். “அண்ணே, எலும்பு தெரியுது, ஏதாவது சாப்பிடுங்க” என்று பயிற்சி கொடுத்த கீரி கெஞ்சியது. “அவனைக் குத்திட்டுச் சாப்பிடறேன்” என்றான். அங்கே கோரையனோ பலாப்பழத்தில் புரண்டு, காட்டெருமைப் பிரிவுக்கே போய்விட்டான். அவன் இளைத்துத் திரும்பிய சமயம் பார்த்துச் சடையன் பசி தாங்காமல் நாலு தேன்கூட்டைப் பிரித்துத் தொலைத்திருந்தான். இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் ஒரு கொடுங்கோடை. தின்ன ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் ஒரே எடைக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டை நிச்சயமாயிற்று. காடே திரண்டு வந்தது. கயிற்றுக்குள்ளே கோரையன் சடையனின் காதருகே வந்தான்.

“உங்களுக்குப் பயந்துதாண்ணே இத்தனை வருஷம் தின்னு தின்னு எடையை ஏத்திக்கிட்டேன்” என்றான் மெதுவாக.

சடையனுக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே கணக்குப் போட்டான். ஜெயித்தால், பயந்தாங்கொள்ளியை ஜெயித்தவன். தப்பித்தவறித் தோற்றால், பயந்தாங்கொள்ளியிடம் தோற்றவன். ஓங்கிய கை தானாக இறங்கியது.

“இப்ப என்ன அவசரம் தம்பி,” என்று முணுமுணுத்தவன், பிறகு ஊருக்கே கேட்கும்படி உறுமினான். “பாத்துக்கலாம்.”

அடேயப்பா, என்ன சவால் என்று கூட்டம் விசிலடித்தது. இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தி ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போனார்கள்.

இன்றைக்கும் அந்தக் காட்டில், மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று டீ ஆற ஆறப் பேசுகிறார்கள். சடையனைக் கேட்டால், “அன்னிக்கு மட்டும் நான் கை வச்சிருந்தேன்னா...” என்று இழுத்துவிட்டுப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்வான். கேட்டவர்களுக்குப் புல்லரித்துப்போகும்.

நீதி: வாழ்நாள் முழுக்கத் தோற்காமல் இருக்க வேண்டுமானால் சரிசமமான எதிரி ஒருவனைத் தேடிப் பிடி, அவனோடு மட்டும் மோதிவிடாதே.