கைகாட்டி அண்ணன் கூப்பிட்டால்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலையே கையசைத்துக் கூப்பிடக்கூடிய ஒரே மனிதர் கைகாட்டி அண்ணன்தான். கூப்பிட்ட கப்பல் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணன் பக்கத்துச் சல்லி என்ற ஊர்க்காரர். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுக்கு ஆள் சேர்த்து, அதை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போவது அவர் வேலை. டிக்கெட் எழுதுவது என் வேலை. ஒரு நாள் காலை, கரையில் நின்ற வெள்ளைக்காரச் சோடியை உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி, நம் ஊர் முறைப்படி அழைத்தார். அவர்களும் முகம் மலர்ந்து கையசைத்தார்கள். அசைத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா தங்கச்சி, என்ன மரியாதையான சனம்," என்றார் அண்ணன்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம்முடைய "வாங்கோ" அவர்களுக்கு "போயிட்டு வாறம்"! கைக்கும் சொந்த ஊர் உண்டு.

படகு முதலாளிக்குத் தட்டியதோ வேறு. "இன்னொருக்கா ஆக்கள் திரும்பிப் போனா, நீ கரையிலயே நில். போட்டில ஏற ஏலாது."

கடலுக்குப் போகாவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. நான் உடனே கைபேசியில் தேடிப் பார்த்து, உள்ளங்கையை மேலே திருப்பி ஒற்றை விரலால் அழைக்கப் பழக்கினேன். அவர் அழைத்த நேரம் பார்த்து எதிரே வந்தது, கிண்ணியாவிலிருந்து வந்திருந்த முதலாளியின் மாமனார்.

"என்னடா, நாயக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுறாய்?"

சமாதானமாக அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார். எங்கள் வயதுக்காரருக்கு அது பாராட்டு. மாமனாரின் காலத்தில் அது "உனக்கு ஒண்டும் இல்ல, போ" என்ற பழிப்பு. அன்று முழுக்க முதலாளி எங்கள் இருவர் முகத்திலும் விழிக்கவில்லை.

மறுநாள் ஒரு வெளிநாட்டுப் பெண் மகளோடு வந்து, படகு பாதுகாப்பானதா என்று கேட்டார். "ஓம் ஓம்" என்று அண்ணன் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்தார். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது "இல்லை" மட்டும்தான். மகளைப் பிடித்திழுத்துக்கொண்டு பின்வாங்கினார். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆங்கிலத்தில் விளக்க நான் ஓடுவதற்குள் அண்ணன் படகில் குதித்துவிட்டார். குழந்தைக்கான மிதவை அங்கி ஒன்றை எடுத்து உதறினார். தோளில் கிடந்த துவாயால் ஓர் இருக்கையை அழுத்தித் துடைத்தார். பக்கத்து இருக்கையையும் துடைத்தார். பிறகு ஒதுங்கி நின்று சிரித்தார், அவ்வளவுதான். சிறுமி தாயின் கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே தாயும்.

"நீ ஏன் இன்னும் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எஞ்சினை எடு," என்றார் முதலாளி அண்ணனிடம். எனக்கு, நானே படகு ஓட்டியது போல ஒரு பெருமை.

வரும் வாரம் ஜப்பானியப் பயணிகள் வருகிறார்கள். அவர்களும் நம்மைப் போலவே கையைக் கவிழ்த்துத்தான் அழைப்பார்களாம். சொன்னதும் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்: "அப்ப உலகத்தில விளங்கின ஆக்களும் இருக்கினம்."

கூப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். ஒருவரும் வராவிட்டால், அந்தக் கைக்கு மரியாதையாக நானே போய்ப் படகில் ஏறிக்கொள்வேன்.