மலையேறாத குத்துவிளக்கு

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் அம்மா வீட்டுச் சீராக வந்த குத்துவிளக்கைப் பரணிலேயே விட்டுவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிபோனேன். (பழைய துடைப்பத்தை மட்டும் பத்திரமாக எடுத்துப்போனேன்.)

விளக்கின் நினைவே எனக்கு இல்லை. சொந்த வீடு கட்டி, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ப்பு என்று முடிவானதும் அம்மா போனில், "நான் தந்த வெளக்கத் தேச்சு வச்சிட்டியா?" என்று கேட்டாள். பளபளவென்று இருப்பதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கார அண்ணாச்சியின் மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவேன். போய்ச் சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. என் விளக்கு நிஜமாகவே பளபளவென்று, ஐந்து முகமும் எரிய, அவர்கள் வீட்டுச் சாமி படங்களுக்கு முன்னால் நின்றது. வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒன் வெளக்குதான், தாராளமா கொண்டு போ. ஆனா எரியுத வெளக்க யாராவது அணைச்சு எடுப்பாளா? அதுவா மலையேறட்டும், இரு" என்றார் மதினி. (விளக்கு தானாக அணைவதற்கு அப்படித்தான் பெயர்.)

இருந்தேன். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த கதை வந்தது. சுடர் தாழும்போதெல்லாம் மதினி அந்தப் பக்கம் போவார். போகிற போக்கில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றுவார். இது பழக்கமா, தந்திரமா? தர மனசில்லையா? அவர் முகத்தையே துப்பறிந்து பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. விடிந்தால் பால் காய்ப்பு, விளக்கில்லாமல் அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது?

மதினி அடுக்களைக்குள் போன சமயம், ஃபேன் சுவிட்சைத் தட்டினேன். அதை முழு வேகத்தில் வைத்திருந்தது எனக்கெப்படித் தெரியும்? நாலு முகங்கள் அணைந்தன. ஐந்தாவது ஆடி ஆடி எரிந்துகொண்டே இருந்தது. தட்டில் குவித்திருந்த விபூதி மொத்தமாகக் கிளம்பி, குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கும்பிட வந்த அண்ணாச்சியின் மேல் போய் அப்பியது.

"பூசத்தாம்மா வந்தேன். அதுக்குன்னு இப்படியா?" என்றார், வெள்ளை வெளேரென்று.

ஓடிவந்த மதினி சுவிட்சைப் பார்த்தார், அதன் மேலிருந்த என் கையைப் பார்த்தார். "சீர் வெளக்கு சும்மா கெடக்கக் கூடாதுன்னு ஒன் பேரச் சொல்லித்தான் தெனமும் ஏத்துதேன். எண்ணெ கொறஞ்சா கை தானா ஊத்துது, நான் என்ன செய்ய? நீ பைய ஊருக்குப் போ. காலைல நானே கொண்டாறேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

சொன்னபடி மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் கையாலேயே விளக்கேற்றினார், பால் பொங்கியது. இது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பரணில் தொடங்கி விபூதிவரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டார். சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி நின்று கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்ததும் ஒரு குரல் கேட்கும்:

"அவ எங்க நிக்கா? சுவிட்ச் பக்கத்துலயா?"