சீனத்தார் சொன்னபடி செத்த கூப்பன்கள்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு மட்டன் ரோல்ஸ் ஒன்றின் விலை மூன்று கூப்பனிலிருந்து பன்னிரண்டு கூப்பனாயிற்று. சீனத்தாரை மிஞ்சிய தீர்க்கதரிசி மொன்றியல் நகரில் இல்லை என்று அந்தக் கணத்திலிருந்து சத்தியம் செய்ய நான் தயார்.

சீனத்தார் சீனர் அல்லர், சுத்த யாழ்ப்பாணத்தார். வில்லரேப் பகுதியில் தனியாக இருக்கிறார். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் சீனாவில் காசு பட்ட பாட்டைப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிப்பித்தவர். டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால், இரும்புக் காசு மலிந்து சனம் அதை வண்டியில் ஏற்றித் திரிந்த கதையைச் சொல்லாமல் திரும்பமாட்டார். வரிசையில் நிற்பவர்கள் பாலைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஓடாதவள் என் மகள் மதுரா ஒருத்திதான். கணக்கியலைப் பாதியில் விட்டுவிட்டு இதையே படிக்கப் போகிறாளாம். படித்துவிட்டு யாரிடம் போய் வேலை கேட்பது?

தமிழ்ப் பள்ளியின் உணவு விழாவுக்கு முந்திய கூட்டத்தில் தலைவர் ஒரு யோசனை சொன்னார். கூப்பன் வரிசை நீளம். ஆகவே கடைக்காரர்களே கூப்பன் அச்சடித்து விற்கட்டும், எல்லாக் கடையிலும் அது செல்லும்.

சீனத்தார் பதறி எழும்பினார். "ஐயோ தலைவர்! தென்சீனத்தில அரசாங்கம் இப்பிடித்தான் சனத்தைக் காசு வார்க்க விட்டது. கடைசியில காசு மெலிஞ்சு தண்ணியில மிதந்தது!"

"அண்ணை, இது கொத்துரொட்டி. இருங்கோ," என்றார் தலைவர்.

விழாவன்று வடைக்கடைக்காரர் வீட்டில் அடித்த கூப்பன்களோடு மற்றக் கடைகளுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் டிஷ்யூவிலேயே அடித்தார். கூப்பன் மலிய மலிய ரோல்ஸ் விலை நான்கு மடங்காயிற்று.

சீனத்தார் மூலையிலிருந்து தேத்தண்ணி குடித்தபடி நடக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இனி மெல்லிய கூப்பனை வாங்கமாட்டினம்."

வாங்கவில்லை.

"இனித் துணியும் தானியமும்தான் காசு."

ஒரு அக்கா சால்வையைக் கழற்றிக் கொடுத்துக் கொத்து வாங்கினார்.

"தெற்கு எல்லையில பொன்னும் வெள்ளியும் மட்டுந்தான் செல்லும்," என்று தெற்கு மூலை ஐஸ்கிரீம் கடையைக் காட்டினார். அங்கே நின்ற மாமி தாலிக்கொடியைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

எனக்கு மேல் சிலிர்த்தது. அதற்குள் செல்லாத கூப்பனோடு ஒரு கூட்டம் ரோல்ஸ் கடையைச் சூழ்ந்து கத்தத் தொடங்கியது. கடையில் நின்றவள் மதுரா. நான் சீனத்தாரின் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, உங்கட கதையாலதான் பிள்ளை படிப்பை விடுறாள். கணக்கியலுக்கே திரும்பிப் போகச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் கேப்பாள்."

"ஓம் தங்கச்சி. இதில சோறு இல்லை எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? சொல்லுறன்." கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தார்.

மண்டபம் காலியாகும்வரை கோட்டுகள் தொங்கிய இடத்தில் காத்து நின்றேன். கடைசியில் அவர் மட்டும் வந்தார்.

"பயப்பிடாதைங்கோ, பிள்ளை மேசை துடைக்கிறாள்."

"சொன்னனீங்களோ?"

"சொல்லத்தான் போனன். அதுக்குள்ள அவள் ஒண்டு கேட்டிட்டாள். செல்லாத காசோட நிண்ட சனம் அண்டைக்குச் சீனாவில என்னத்தைச் சாப்பிட்டது எண்டு." வாங்குப் பலகையில் மெல்ல அமர்ந்தார். "காசைப் பற்றி மந்திரிமார் வாதாடினது முழுக்க எனக்குப் பாடம். இது தெரியாது, தங்கச்சி. இவ்வளவு காலத்தில என்னட்ட ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளைத் திரும்பிப் போ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."