அஸ்ட்ரிட் அக்காவின் சாலடும் ஆறு சாயங்களும்

அன்புள்ள அஸ்ட்ரிட் அக்காவுக்கு,

டுலூத்திலிருந்து தம்பி ஹால்வோர் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி லோயிஸும் சுகம். ஏரியில் பனி இன்னும் உருகவில்லை. நீ அழுவதை நிறுத்தியிருப்பாய் என்று நம்புகிறேன்.

சர்ச் விருந்தில் பாதிப் பேர் வாந்தியெடுத்ததற்கு உன் உருளைக்கிழங்கு சாலட்தான் காரணம் என்று சொல்லி, சர்ச் சமையலறைச் சாவியை மகளிர் சங்கத்து மார்லிஸ் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று லோயிஸ் கொண்டுவந்த மிச்சம் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. அதை நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே ஆறு ஒளிரும் சாயங்கள் இருக்கின்றன. பாக்டீரியா பட்டால் ஒன்று பிரகாசிக்கும், ஒன்று மங்கும். ஆறையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கிருமி என்று தெரிந்துவிடும். சாலடைக் கழுவிய நீரைச் சாயத் தட்டில் ஊற்றி, ஊதா விளக்கைப் போட்டேன். தட்டு முழுக்க நீலமாக ஜொலித்தது.

எங்கள் தலைவி டாக்டர் பெவர்லி எட்டிப் பார்த்து, "ஏன்யா ஹால்வோர், உங்க அக்கா சாலட்ல பல்பு ஏதும் போடுவாங்களா?" என்றாள்.

"இல்லீங்க டாக்டர், முட்டைதான் போடுவா."

"தட்டை எதை வச்சுத் துடைச்ச?"

கைக்குட்டையை நீட்டினேன். விளக்கடியில் அதுவும் ஜொலித்தது! துணியை வெள்ளை வெளேரென்று காட்டுகிற அந்தச் சோப்புத்தூளின் வேலை. வீட்டில் சொன்னால் லோயிஸ், "வெள்ளையா துவைச்சுக் குடுத்தா அதுவும் குத்தமா?" என்று சண்டைக்கு வந்தாள்.

மறுநாள் புதுத் தட்டில், எதையும் துடைக்காமல் செய்தேன். புளித்த கிரீமில் வாழும் சாதுவான பாக்டீரியா மட்டும்தான்! உடனே பாஸ்டருக்கு போன் போட்டேன். உன் சாலடில் குற்றமில்லை என்று அவர் பிரசங்கத்துக்கு முன்னாலேயே அறிவித்துவிட்டாராம். மார்லிஸ் எனக்கு போன் செய்து, "தப்பு என் மேலதான் ஹால்வோர். சாவியை அக்கா கையிலயே குடுத்துட்டேன்" என்று விசும்பினாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

வரும் ஞாயிறு விருந்தும் உன் பொறுப்புதானாமே. தலை நிமிர்ந்து நட. கடவுள் உன் கைக்கும் வயிற்றுக்கும் துணையிருக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஹால்வோர்

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது லோயிஸ் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். நம் ஊரில் மிச்சத்தை எல்லாரும் காலி கிரீம் டப்பாவில்தானே கட்டிக் கொடுப்பார்கள். அன்று மார்லிஸும் சாலட் செய்து, எங்களுக்கும் ஒரு டப்பா கொடுத்திருக்கிறாள். நான் சோதித்தது அவளுடையது. உன்னுடையது ஃபிரிட்ஜின் பின்வரிசையில் அப்படியே இருந்தது. சாயம் இன்னும் மீதமிருந்தது, சோதித்திருக்கலாம். சோதிக்கவில்லை. கொட்டிவிட்டு டப்பாவையும் வெந்நீரில் கழுவிவிட்டேன். நீ என் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு பன் மட்டும் சுட்டு எடுத்துப் போ.