அணில் கடித்த நாவல்பழமும் ஆபீசர் முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்ய, அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. பழ நிலவர ஆபீஸ்தான் இருந்தது. சிங்கமாவது பசித்தால் மட்டும் வரும்.

காட்டுக்கு மூன்று பகுதி. ஆற்றோரத்தில் நாவல், கரட்டில் களா, பொட்டலில் இலந்தை. எந்த வருஷம் எது நன்றாக விளையும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை நாள் நடை வேறு. அதனால் ஆபீசர் தணிகாசலம் சீசனுக்குச் சீசன் நிலவர அறிக்கை எழுதி ஆபீஸ் வாசல் ஆலமரத்தில் ஒட்டுவார். அவர் ஒரு முள்ளம்பன்றி. பேனாவுக்குப் பஞ்சமில்லை, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எழுதவேண்டியதுதான். 'ஆற்றோரம்: வரத்து சுமார், தரம் நடுத்தரம்' என்று எழுதுவார். ஆற்றோரத்தை அவர் பார்த்ததே இல்லை.

மிருகங்கள் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, நேரே குருவம்மாளைத் தேடிப் போகும். குருவம்மாள் ஓர் அணில். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று நமக்கே தெரியும், காட்டுக்குத் தெரியாதா? அவள் எந்த மரத்தில் பல் வைத்தாளோ அங்கே கூட்டம் கூடிவிடும்.

இது பொட்டல் முயல்களுக்குப் பொறுக்கவில்லை. ஆபீசுக்கு வந்து மனுக் கொடுத்தன.

"எங்க இலந்தையில ஒரு கடிகூட இல்ல சார். ஒரு பய எட்டிப் பாக்குறதில்ல. இது ஓரவஞ்சனை."

நாலு பேர் வந்து தின்றுவிட்டுப் போனால் முயல்களுக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஊர்ப்பெருமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

தணிகாசலம் யோசித்து ஓர் உத்தரவு போட்டார். இனி மூன்று பகுதியிலும் ஒவ்வொரு பழத்திலும் அணில் கடி இருக்கவேண்டும். கடி இல்லாத பழம் பழமே அல்ல. குருவம்மாள் இன்று முதல் தரச்சான்று அலுவலர். நாளுக்கு ஐந்நூறு கடி.

முதல் நாள் குருவம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் வாயெல்லாம் துவர்த்து, நாக்கு தடித்துப்போனது. காய், செங்காய், புழு விழுந்தது, எல்லாவற்றிலும் பல்லைப் பதித்தாக வேண்டுமே!

ஒன்றை ஆபீசுக்கே கொண்டுவந்து காட்டினாள். "சார், இது பிஞ்சு சார்."

"கடிம்மா. ஃபாரத்துல பிஞ்சுன்னு கட்டமே இல்ல."

அந்தச் சீசன் அறிக்கை வந்தது. 'மூன்று பகுதியிலும் தரம் ஒரே சீர். மிக நன்று.'

இப்போது பேச்சிமுத்துக் கரடி கதைக்கு வருவோம். அவன் பெண்சாதி சடச்சி மசக்கையாக இருந்தாள். ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் புளிப்புக்கு அலைவார்கள். சடச்சி எதைத்தான் நேராகச் செய்தாள், இனிப்பு கேட்டாள்.

"மூணு நாளா பச்சத்தண்ணி தங்கல. இனிக்கிற நாவப்பழம் கொண்டா. புளிச்சது துவர்த்ததுன்னு கொண்டாந்தே, குகைக்குள்ள கால வைக்காத."

பேச்சிமுத்து அறிக்கையைப் படித்தான். 'மிக நன்று' என்று இருந்தது. அணில் கடி பார்த்துப் பொறுக்கி ஓர் இலை நிறைய நாவல்பழம் கொண்டுபோனான். சடச்சி ஒன்றை வாயில் போட்டாள். அவன் முகத்திலேயே துப்பினாள்.

"இதுக்கு வேப்பங்கா தேவலயே!" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண் குழிவிழுந்து, மயிர் பொலிவிழந்து கிடந்தாள். பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே குருவம்மாளிடம் போனான். "ஏம்மா, நீ கடிச்சதுன்னு நம்பித்தானே பறிச்சேன்? புள்ளத்தாச்சிக்குக் கூடவா பொய்க்கடி?"

குருவம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். "சத்தம் போடாதீங்கண்ணே. ஆத்து வளைவுல, பாறைக்குப் பின்னால ஒத்த நாவமரம் நிக்குது. அதுல மட்டும் நான் பல்லே வைக்கல. எனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்கேன். மதினிக்கு ஒரு இலை பறிச்சுக்கங்க."

பறித்தான். ஒவ்வொன்றும் கருகருவென்று குண்டு குண்டாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஆபீஸ் என்பதை மறந்துவிட்டான்.

"நில்லு. இதுல கடி எங்க?"

"இல்ல சார், வீட்டுல அவ மாசமா..."

"வீட்டுல யாரு வேணா என்னமா வேணா இருக்கட்டும். பழத்துல கடி இருக்கா இல்லையா?"

ஆபீசர் இரக்கமில்லாதவர் அல்ல. உடனே குருவம்மாளை வரவழைத்து, எல்லாவற்றிலும் ஒவ்வொரு கடி போட்டுக் கொடுத்து அனுப்பச் சொன்னார்.

அவள் ஒன்றைக் கடித்தாள். நாள்கணக்கில் துவர்த்துக் கிடந்த வாயில் தேன் இறங்கியது. இரண்டாவதைக் கடித்தவள், முழுசாகத் தின்றே விட்டாள். "சார், இது நெசமாவே பழம் சார்!"

"அப்படியா?" என்று ஆபீசரும் மேல்பரிசோதனைக்கு ஒன்றை எடுத்தார். இருபது வருஷ சர்வீசில் அவர் தின்ற முதல் நாவல்பழம் அது. அப்புறம் இரண்டு பேரும் தலையை நிமிர்த்தவில்லை. இலை திரும்பி வந்தபோது கொட்டைதான் இருந்தது. கூடவே 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு சீட்டு.

"மன்னிச்சுக்கங்கண்ணே, பல்லு கேக்கல" என்று குருவம்மாள் வாலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேச்சிமுத்து கொட்டைகளோடு குகை வாசலில் நின்றான். உள்ளே போகத் தைரியமில்லை. வாசனை மட்டும் முன்னால் போய்விட்டது. சடச்சி எழுந்து வந்தாள். ஒரு கொட்டையை எடுத்து நக்கினாள்.

"எந்த மரம்?"

சொன்னான். நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே நடந்தாள். பாறையைத் தாண்டினாள், மரத்தில் ஏறினாள், உச்சிக்கு ஒரு கிளை கீழே வாகாக உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள். தின்றது வயிற்றில் தங்கியது. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பேச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சேதி கேட்டு ஆபீசர் ஓடிவந்தார். அவர் ஆபீசை விட்டு நகர்ந்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, அது சான்றில்லாத பழம். சட்டப்படி குத்தம். இறங்குங்க!"

"மேல வந்து சொல்லு" என்றாள் சடச்சி. ஒரு கொட்டை வந்து அவர் நெற்றியில் விழுந்தது.

முள்ளம்பன்றி மரம் ஏறாது. ஏறினாலும் பிள்ளைத்தாய்ச்சிக் கரடியிடம் ஃபாரம் நீட்டுகிற ஆபீசர் இன்னும் பிறக்கவில்லை. தணிகாசலம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு முள்ளைப் பிடுங்கி, அங்கேயே அறிக்கையைத் திருத்தினார்.

'ஆற்று வளைவு: அங்கே மரம் எதுவும் இல்லை.'

இல்லாத அந்த மரத்தடியில்தான் சடச்சிக்கு இரண்டு குட்டி பிறந்தது. இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன.

நீதி: 'மிக நன்று' என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போகாதே, 'இல்லை' என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போ. போகும்போது மறக்காமல் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போ.