ஸ்கொட்லாந்தில் சம்பந்தம் விசாரித்தது

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பெரியண்ணைக்கு,

சுவிஸ் ஷ்லீரனிலிருந்து தம்பி குணசேகரம் பணிவன்புடன் எழுதுவது. இங்கே நானும் பத்மினியும் மகள் ஹரிஷாவும் நலம். கோண்டாவிலில் உங்கள் முழங்காலும், அண்ணியின் பிரஷரும், கன்று போட்ட மாடும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லலாம். ஆனால் நீங்கள் பாதியில் வெட்டிவிடுவீர்கள் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

ஹரிஷாவின் கல்யாணச் செய்தியைச் சொன்ன அன்று மாப்பிள்ளையின் பெயர் யூவன் என்றேன். நீங்கள் அதை யுவன் என்று கேட்டு, "நல்ல பேர், எந்த ஊர்ப் பெடியன்?" என்று மகிழ்ந்தீர்கள். ஸ்கொட்லாந்து என்றதும் மாட்டை ஒரு அதட்டு அதட்டினீர்கள். பிறகு, "வெள்ளையெண்டாப்போல விசாரிக்காமல் குடுக்கிறதோ? ஆர் ஆக்கள் எண்டு தெரியாமல் நான் பேர்ண் கோயில் கலியாணத்துக்கு வரமாட்டன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டீர்கள். அப்பா இல்லாத குடும்பத்தில் முன்னுக்கு நின்று நடத்த வேண்டியவர் நீங்கள். பெரியப்பா வராவிட்டால் பதிவுக் கந்தோரில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று ஹரிஷா சொல்ல, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பத்மினி என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். ஆகவே உங்கள் சொல்லைத் தட்டாமல் விசாரிக்கப் போனேன்.

யூவன் மக்ரே பேர்ணில், ஹரிஷா தாதியாக இருக்கும் ஆஸ்பத்திரியில், முழங்கால் நோக்காடு உள்ளவர்களை நடக்கப் பழக்குகிறவர். (உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் அமையாது. ஆனால் நான் வற்புறுத்தவில்லை.) "தம்பி, உம்முடைய குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிய வேணும்" என்று தயங்கித் தயங்கி ஜெர்மனில் கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ துள்ளிக் குதிக்காத குறை. ஸ்கொட்லாந்தில் ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊர்களும் ஒரு பங்காம். தன் பங்கில் சனிக்கிழமைதோறும் சனம் கூடி இருந்து பரம்பரை விசாரிப்பதுதான் பொழுதுபோக்கு என்றார். எங்கள் ஊரில் இதை வாசற் படலைக்குள் நின்று குசுகுசுத்துச் செய்வோம். அவர்கள் தேத்தண்ணி ஊற்றிச் செய்கிறார்கள்.

நானும் பத்மினியும் ஹரிஷாவும் யூவனுமாகப் புறப்பட்டோம். போகும்போதே சோதனை. பத்மினி சுட்டுக்கொண்டு வந்த தட்டை வடையை விமான நிலையத்தில் வெடிமருந்தோ என்று துணியால் துடைத்துப் பார்த்தார்கள். "கொஞ்சம் முறுகிப் போச்சுதான், அதுக்காக இப்பிடியோ?" என்று அவள் வழி முழுக்க மனம் நொந்தாள். மழைக்குள் இறங்கி, செம்மறிகளுக்கு வழிவிட்டு விட்டு ஓடிய பஸ்ஸில் யூவனின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர்களுடைய இங்கிலீசு விளங்காது என்று பயந்திருந்தேன். ஆனால் சுவிஸ்காரரைப் போலவே அவர்களும் தொண்டைக்குள் காறிக் காறிக் கதைப்பதால் எனக்கு வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

யூவனுக்குத் தெரியாமல், எங்கள் ஊர் முறைப்படி, முதலில் பஸ் தரிப்பிடத்துக் கடையில் விசாரிக்கப் போனேன். ஒரு பெட்டி தீக்குச்சி வாங்கிவிட்டு, "இந்த மக்ரே குடும்பம் எப்பிடி, நல்ல ஆக்களோ?" என்று சாடையாகக் கேட்டேன். கடைக்காரர் கதவைப் பூட்டி, என் கையைப் பிடித்து, நேரே பங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோய், "மக்ரே வீட்டைப் பற்றி விசாரிக்க ஆள் வந்திருக்கு" என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். அங்கே யூவனின் தாயும் தகப்பனும் இருந்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது. அவர்களோ எழும்பிக் கைதட்டினார்கள்.

மொராக் என்று ஓய்வுபெற்ற பல் டொக்டர் அம்மா ஒருவர்தான் அங்கே தலைமை. மக்ரே பரம்பரை எழுதிய கடதாசிச் சுருளை அவர் விரிக்க விரிக்க அது நீண்டுகொண்டே போனது. மறுநுனியைப் பிடித்திருந்த பத்மினி பின்னுக்குப் பின்னுக்குப் போய், கதவால் வெளியேறி மழைக்குள் நின்றாள். நான் மெல்ல, "பெரிய உத்தியோகம் பாத்தவை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். மொராக் பூரித்துப்போய், "முதலாளின்ர செம்மறியைக் களவெடுத்துப் பிடிபட்டு, அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேத்தின டொனால்ட் இவர்தான்" என்று ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். அடுத்தது எல்ஸ்பெத், கல்யாணத்துக்கு முந்திப் பிள்ளை பெற்றதற்காக ஞாயிறு ஞாயிறாகத் தேவாலயச் சபை முன்னால் இருத்தி வைக்கப்பட்டவள். "கடைசிக் கிழமை எழும்பிப் பாதிரியாரையே ஏசிப்போட்டு வந்தவள், எங்கட எல்ஸ்பெத்" என்று யூவனின் தகப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். நல்லவர்களும் இருந்திருப்பார்கள், அண்ணை. ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல அங்கே ஒருவருக்கும் ஆர்வமில்லை.

பிறகு மொராக் என் பக்கம் திரும்பி, "சரி, நீங்கள் ஆர் ஆக்கள்?" என்று கேட்டார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. மண்டபமே என்னைப் பார்த்தது. வழமை போல, எங்கள் அப்பப்பா மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரர் என்று தொடங்கினேன். முகங்கள் வாடிவிட்டன. ஒருவர் பிஸ்கற் எடுக்க எழும்பிவிட்டார். பெண் வீட்டாருக்கு இப்படியொரு அவமானம் வரலாமோ? கோபிக்காதேயுங்கோ அண்ணை, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பப்பா பினாங்கில் இறங்கியது, முதற் சாப்பாடே பிடிக்காமல் அதே கப்பலில் திரும்பியது, மாத்தறையில் ஒரு சுருட்டுக்கடைக்குள் மூன்று வருடம் ஒளிந்திருந்தது, பிறகு ஒரு தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு மலாயாவிலிருந்து வந்தது போல ஊருக்குள் இறங்கியது, எல்லாம். ஹரிஷா இங்கிலீசில் சொல்லச் சொல்லச் சனம் மேசையில் அடித்துச் சிரித்தது. மொராக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தொப்பி இருக்கோ?" என்றார். "அண்ணையிட்ட இருக்கு" என்றேன். யூவனின் தகப்பன் என்னைக் கட்டிப்பிடித்து, "அப்ப அண்ணை கல்யாணத்துக்குத் தொப்பியோட வரவேணும்" என்றார். மழையில் நனைந்து உள்ளே வந்து நின்ற பத்மினி, பல கிழமைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வடையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக, நீங்கள் கேட்டபடி விசாரித்தாகிவிட்டது. ஏழு தலைமுறைக்கு ஆக்கள் சுத்தமான கள்ளரும் வாய்க்காரரும். எங்களுக்கு நல்ல பொருத்தம். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணிக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு அன்பும், மாட்டுக்கு ஒரு தடவலும்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தம்பி,
குணசேகரம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது யூவன் வந்தார். தன் தாத்தா, மக்ரே வீட்டில் தத்தெடுத்து வளர்த்த பிள்ளையாம். பெற்றவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம். அந்தச் சுருளில் இருந்த ஒருவரோடும் இரத்த உறவு இல்லையாம். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "ஊருக்கே தெரியும், நீங்கள் கேட்கேல்லையே. வளத்தவைதான் எங்கட ஆக்கள்" என்றுவிட்டு, பத்மினியிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார். எச்சிலைக் குப்பியில் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் உண்மையான பரம்பரையைக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று ஹரிஷா சொல்கிறாள். நான் மறித்துவிட்டேன். இவ்வளவு நல்ல சம்பந்திகளை இனி மாற்ற ஏலாது.